ஸாபிஸ் மரத்தின் சம்பந்தியம்மா

"மரத்துக்கு அப்பா உண்டா?"

ஒரு பனிக்காலக் காலையில், எங்கள் ராவ்னி டோல் ஊர்க் கடையில், கையில் காலி பால் கேனோடு நின்றபடி க்ரூனியா இப்படிக் கேட்டார். கடையில் இருந்த ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்துவிட்டு, எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று சுற்றிக்கொண்டிருந்த எனக்கும் தெரியவில்லை. சிலர் சிரித்தார்கள். சிரித்திருக்கக் கூடாது. க்ரூனியாவின் வாசல் மரம் பிழைப்பதும் சாவதும் அந்தப் பதிலில்தான் இருந்தது. எங்கள் யாருக்கும் அது அன்று புரியவில்லை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

க்ரூனியா எங்கள் ஊருக்குப் பால் வண்டி ஓட்டுகிறவர். தினமும் காலையில் வீடு வீடாக வெள்ளை வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு வாளியையும் முகர்ந்து பார்த்த பிறகுதான் தொட்டியில் ஊற்றுவார். "மாடு நேத்து காட்டுப் பூண்டு மேஞ்சிருக்கு. இந்தப் பாலை நீங்களே குடிங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். யாருக்கும் பயப்பட மாட்டார். ஆடு குறுக்கே வந்தால் அவர் விடுகிற வசவைக் கேட்க நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது வேலியோரம் காத்திருப்போம்.

அவர் பிறந்த ஊர் இது இல்லை. வடக்கே, ஸாவா ஆற்றங்கரையில், ஸ்லாவோனியாவின் ஓக் காடுகளுக்கு நடுவே பிறந்தவர். நாடு உடைந்து போர் வந்த இலையுதிர் காலத்தில், பள்ளி வயதில், அப்பா சிமோவின் டிராக்டர் டிரெய்லரில் உட்கார்ந்து இங்கே வந்து சேர்ந்தார். டிரெய்லரில் ஒரு இரும்பு அடுப்பு, மெத்தைகள், ஒரு பன்றி. பன்றி வழியில் தின்ன ஒரு சாக்கு ஓக் கொட்டை. அவ்வளவுதான் அவர்கள் கொண்டுவந்த சொத்து.

பன்றி தின்று மிச்சம் வைத்த கொட்டைகளில் ஒரு கைப்பிடியை சிமோ மண்ணில் ஊன்றினார். வாடகைக்குக் கிடைத்த வீட்டுத் தோட்டத்துக்குள் இல்லை. வேலிக்கு வெளியே, ஓடைக்கரை வளைவில், ஊர்ப் புறம்போக்கில்.

"உள்ளே வைக்கலாமேப்பா" என்று க்ரூனியா கேட்டிருக்கிறார்.

"உள்ளே வெச்சா வீட்டுக்காரன் கேப்பான். இந்த இடம் யாருக்கும் சொந்தமில்ல, நம்மள மாதிரி. ஒருத்தனும் கேக்க மாட்டான்."

ஊன்றியதில் ஒன்றுதான் முளைத்தது. பிறகு அந்த வீட்டையே சிமோ வாங்கினார். பிறகு இறந்தும் போனார். மரம் மட்டும் வேலிக்கு வெளியிலேயே வளர்ந்தது. ஒவ்வொரு காலையும் வண்டியைக் கிளப்பும்போது க்ரூனியா மரத்தைப் பார்த்து இரண்டு முறை ஹாரன் அடிப்பார். யாராவது கேட்டால், "வளைவுல அடிக்கணும்ல" என்பார். எதிரே வண்டி வராத வளைவு அது.

மேட்டுப் பக்கத்து வீடுகளில் இருப்பவர்கள் ஊரை உருவாக்கியவர்களின் வாரிசுகள். ஓடைக்கரையில் இருந்த க்ரூனியா மாதிரி ஆட்களுக்கு ஒரே பெயர்: "வந்தவங்க". திட்டுவதற்காகச் சொல்லவில்லை என்பார்கள். பால் கணக்கில் தகராறு வந்தால் மட்டும் அந்தப் பெயர் சட்டென்று வாயில் வந்துவிடும். முப்பது வருஷம் ஊர்ப் பாலைச் சுமந்த பிறகும் அவர் வந்தவர்தான்.

மரம் காய்க்கத் தொடங்கியபோது அவருக்கு ஒரு எதிரி முளைத்தது. சோய்கா. சிறகில் நீலப் பட்டை போட்ட அந்தப் பறவை ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வந்து, தொண்டை புடைக்கக் கொட்டைகளை அடைத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் பறக்கும். க்ரூனியா ரப்பர் செருப்பைக் கழற்றி எறிவார்.

"திருட்டு மூதேவி! எங்கப்பா ஊரு விட்டு ஊரு சுமந்துட்டு வந்ததுடி அது!"

செருப்பு எப்போதும் ஓடையில்தான் விழும்.

இனி ஸாபிஸ் மரத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஒரு மரத்தில் சிலுவை செதுக்கி வணங்குவோம், அதற்குப் பெயர்தான் ஸாபிஸ்; எங்கள் ஊருடையது மேட்டு உச்சியில் நின்ற ஒரு கிழட்டு ஓக். அதன் பட்டையில் செதுக்கிய சிலுவையை ஒவ்வொரு நேர்ச்சைத் திருநாளிலும் பாதிரியார் புதிதாகக் கீறுவார். நாங்கள் சிலுவைக் கொடி தூக்கி வயல்களைச் சுற்றி வந்து, அதன் வேரில் திராட்சை மது ஊற்றுவோம். ஆலங்கட்டி மழை வராமல் காப்பது அதுதான் என்பது எங்கள் நம்பிக்கை. எங்கள் ஊரில் கோயில் கட்டடம் இல்லை. அந்த மரம்தான் கோயில். அதில் ஒரு சுள்ளியைக்கூட யாரும் ஒடிக்க மாட்டார்கள். கீழே விழுந்த கொட்டையைப் பன்றிக்குப் போட மாட்டார்கள். அதன் நிழலில் பொய் சொன்னவனுக்கு வாய் கோணும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள்.

போன வருஷத்துக்கு முந்தைய கோடையில் ஒரு புயல் ஸாபிஸைச் சாய்த்துவிட்டது.

ஊரே அழுதது. அழுதுகொண்டே கிளைகளுக்குள் எட்டிப் பார்த்த ஸாகோர்கா திடீரென்று கூச்சல் போட்டார். அவர் ஊர்த் தலைவர் ஒப்ராட்டின் மனைவி. மேட்டில் அவர் பேசினால் ஓடையில் கேட்கும். "ஐயோ இங்க பாருங்க! இங்க பாருங்க!" ஒடிந்த பெரிய கிளைகளுக்கு நடுவே, மார்பு உயரத்துக்கு ஒரு இளம் ஓக் கன்று, ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது. ஸாபிஸைச் சுற்றிய வேலிக்குள் யாரும் புல் அறுப்பதில்லை என்பதால் இத்தனை வருஷமும் அது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"பிள்ளை! அவன் பிள்ளையை விட்டுட்டுப் போயிருக்கான்!" என்று ஒப்ராட் தொப்பியை வானத்தில் எறிந்தார்.

அந்த ஆகஸ்ட் மாதமே நெவெனா என்ற பெண் பெல்கிரேடிலிருந்து வந்தார். ஓக் மரங்களின் பரம்பரையை ஆராய்கிறவர். ஸாபிஸ் மரங்களை ஊர் ஊராகத் தேடிப்போய் இலை எடுத்து, எந்த மரம் எந்த மரத்துக்குப் பிறந்தது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை.

ஒப்ராட்டுக்குத் தலைகால் புரியவில்லை. "இந்தக் கன்னு ஸாபிஸோட பிள்ளைன்னு எழுதிக் குடுப்பீங்களாம்மா? கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில மாட்டணும். பக்கத்து ஊர்க்காரன் வந்து படிக்கணும்."

"இலை குடுங்க, பாத்துச் சொல்றேன்."

இங்கேதான் சிக்கல். விழுந்த ஸாபிஸின் ஒரு வேர் மண்ணில் இருந்ததால் ஒரு கிளை மட்டும் பச்சையாக இருந்தது. அதிலிருந்து இலை பறிக்க ஆள் இல்லை. ஒப்ராட் ஸாகோர்காவைப் பார்த்தார். ஸாகோர்கா பாதிரியார் சாவாவைப் பார்த்தார். பாதிரியார் வானத்தைப் பார்த்தார்.

"சாமி, நீங்க ஜெபம் பண்ணிட்டுப் பறிக்கக் கூடாதா?"

"ஜெபம் பண்றேன். பறிக்கறது தனி."

கடைசியில் நெவெனாவே பறித்தார். எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். திரும்பிப் போகிற வழியில் அவர் காரின் டயர் வெடித்தது. அந்தச் செய்தி வந்ததும் ஊரில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! "விழுந்தாலும் சக்தி போகல பாத்தியா!" என்று ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுத்தார்கள். டயர் மாற்றப் போனது மட்டும் க்ரூனியா.

அதே இலையுதிர் காலத்தில் ஊர்க் கூட்டம் இன்னொரு முடிவும் எடுத்தது. ஓடைக்கரைச் சாலையை அகலப்படுத்தித் தார் போட வேண்டும். வளைவு மரம் இடைஞ்சல். மரம் புறம்போக்கில் நிற்பதால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அளக்க வந்தவர்கள் அதன் அடியில் சிவப்புச் சாயத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். வெட்டும் தேதியைச் சாலைக்காரர்களிடம் ஒப்ராட் போனிலேயே பேசி முடித்தார்.

பாலை இறக்கிவிட்டு வந்த க்ரூனியா குறியைப் பார்த்தார். நேராக ஒப்ராட் வீட்டுக்குப் போனார்.

"அண்ணே, அது எங்கப்பா வெச்ச மரம்."

"தெரியும்மா. நல்ல மரம்தான். ஆனா ரோடு வேணுமா வேணாமா? உன் வண்டிதானே அதுல போகுது?"

"என் வண்டி முப்பது வருஷமா அதைச் சுத்தித்தான் போகுது. ஒரு தடவை இடிச்சிருக்கா?"

"நீ இடிக்க மாட்டே. லாரிக்காரன் இடிப்பான். இதோ பாரு க்ரூனியா, ஸாபிஸ் போன துக்கத்துல இருக்கோம். ஒரு சாதா மரத்துக்காகச் சண்டை போடாதே."

சாதா மரம். அந்த வார்த்தையோடுதான் அவர் வீடு திரும்பினார். அன்று மரத்தைப் பார்த்து ஹாரன் அடிக்கவில்லை. இறங்கிப்போய், சிவப்புக் குறியின் மேல் கை வைத்து நின்றார். சாயம் இன்னும் காயவில்லை; உள்ளங்கை சிவந்தது.

பனிக்காலத்தில்தான் நெவெனாவின் போன் வந்தது. கடை நிறைய ஆள். ஒப்ராட் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி, போனை வெண்ணெய்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். க்ரூனியா அப்போதுதான் கேன் எடுக்க உள்ளே வந்திருந்தார்.

"சொல்லும்மா. ஸாபிஸோட பிள்ளைதானே?"

"பிள்ளைதான் ஐயா."

கடை குலுங்கியது. ராக்கியா சாராயப் புட்டி திறந்தாகிவிட்டது.

"ஆனா ஒரு விஷயம். ஸாபிஸ் அதுக்கு அம்மா இல்ல. அப்பா."

சத்தம் நின்றது. அந்த அமைதியில்தான் க்ரூனியா கேட்டார்: "மரத்துக்கு அப்பா உண்டா?"

சிலர் சிரித்தார்கள். போன் பதில் சொன்னது. "உண்டு. வசந்த காலத்துல ஓக் மரத்துல மஞ்சளா சரம் தொங்கும் பாத்திருப்பீங்க. அது ஆண் பூ. அதோட தூளைக் காத்து தூக்கிட்டுப் போய் இன்னொரு மரத்தோட பெண் பூவுல சேர்க்கும். அந்த மரத்துல காய்க்கிற கொட்டைக்கு அதுதான் அம்மா, தூள் விட்ட மரம் அப்பா. ஒரே மரத்துல ரெண்டு பூவும் இருக்கு. ஆனா தன் தூளைத் தானே பெரும்பாலும் ஏத்துக்காது. வெளியிலதான் சம்பந்தம் வெச்சுக்கும்."

"அப்போ எங்க ஸாபிஸ்..." என்று ஒப்ராட் இழுத்தார்.

"சிலுவையைச் சுமந்துக்கிட்டு, இந்த வயசுல!" என்றார் ஸாகோர்கா. "ஆம்பளைங்க புத்தி மரமானாலும் போகாது போல."

கடை வெடித்துச் சிரித்தது. பாதிரியார் சாவா இருமலில் சிரிப்பை மறைத்தார். ஒப்ராட்டுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "அது அம்மா இல்லைன்னு எப்படிம்மா சொல்றே?"

"இலையோட பச்சைக்குள்ள ஒரு இழை இருக்கு ஐயா. அம்மாகிட்ட இருந்து மட்டும்தான் அது பிள்ளைக்கு வரும். ஸாபிஸோட இழை வேற, கன்னோட இழை வேற. இந்தக் கன்னோட இழையை நாங்க உங்க மலைப்பக்கத்துல பாத்ததே இல்ல. வடக்க, ஸாவா ஆத்துத் தாழ்வான காடுகள்ல பாத்திருக்கோம்."

க்ரூனியாவின் கையிலிருந்து கேன் மூடி நழுவித் தரையில் உருண்டது. ஸாவா ஆறு. டிரெய்லர். பன்றி. சாக்கு. மூடியை எடுக்காமல் போன் பக்கம் நெருங்கினார். "அம்மா மரம் எவ்ளோ தூரத்துல இருக்கும்மா?"

"பக்கத்துலதான் இருக்கணும். தூள்தான் வெகுதூரம் பறக்கும். கொட்டையைக் காத்து தூக்காது. சோய்கா மாதிரி பறவைங்க தூக்கிட்டுப் போய்ப் புதைச்சு வெச்சு, அப்புறம் மறந்துடும். உங்க ஊருக்குள்ளேயே தேடுங்க. வசந்தத்துல இலை விட்டதும் எல்லா ஓக் மரத்துல இருந்தும் ஒரு இலை அனுப்புங்க."

சோய்கா! க்ரூனியா கேன்களை மறந்துவிட்டு வெளியே ஓடினார். பனியில் மேட்டு உச்சியைப் பார்த்தார். தன் வளைவைப் பார்த்தார். செருப்பு எறிந்த இலையுதிர் காலங்கள் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அந்தப் பறவை பறந்த திசை!

வசந்தம் வந்ததும் ஊருக்குக் காய்ச்சல் பிடித்தது. இலை சேகரிக்க யார் போவது? தினமும் எல்லா வாசலுக்கும் போகிறவர் க்ரூனியாதானே. பாலோடு இலையும் வாங்கினார். ஒவ்வொரு வீட்டிலும் பெண் பார்க்கிற கதைதான்.

"எங்க மரத்தை நல்லா கவனிச்சுச் சொல்லச் சொல்லு க்ரூனியா. நல்ல குடும்பத்து மரம். இதுவரைக்கும் ஒரு பேச்சு வந்ததில்ல."

"என் மரம் கொஞ்சம் கோணல்தான். ஆனா வேர் நேரா இருக்கும்."

"பக்கத்து வீட்டு இலையை வாங்காதே. அது ஓக்கே இல்ல, அவன் சும்மா சொல்றான்."

எல்லாவற்றையும் காகித உறையில் போட்டு, பெயர் எழுதிக் கடையில் கொண்டுவந்து வைத்தார். மேலே இருந்த உறையில் "வளைவு, க்ரூனியா" என்று இருந்தது. ஒப்ராட் அதை எடுத்துத் தனியே வைத்தார்.

"இது எதுக்கு? வெட்டப்போற மரம்தானே."

"வெட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு இலை. மரத்தையா கேக்குறேன்?"

"ஊர் மரமெல்லாம் சரி. புறம்போக்கு மரத்தை எல்லாம் இதுல சேர்க்கணுமா? ஸாபிஸ் என்ன, ரோட்டோரத்துல..." அவர் முடிக்கவில்லை. கடையில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

க்ரூனியா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அது ஆட்டை விரட்டும்போது கேட்ட வசவைவிடப் பயமாக இருந்தது. தனியே கிடந்த உறையை எடுத்து மற்ற உறைகளோடு சேர்த்தார். மொத்தக் கட்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு வண்டியில் ஏறினார். பால் வண்டியிலேயே பெல்கிரேடுக்கு ஓட்டிக்கொண்டு போனார். நகரத்துச் சாலையில் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். இவர் திருப்பி அடித்தார். நெவெனாவின் மேஜையில் உறைக் கட்டை வைத்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாத்தையும் பாரும்மா. ஆனா மேல இருக்கறதை மட்டும் கொஞ்சம் சீக்கிரம். திருநாள் முடிஞ்சதும் வெட்ட வந்துடுவாங்க."

திருநாள் ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை வந்தது. பூ வேலை செய்த ரவிக்கையைப் போட்டு, கொண்டுபோக வேண்டிய ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு க்ரூனியா வாசலுக்கு வந்தார். ஊரே மேட்டில் இருந்தது. ஊர்வலம் கிளம்பிய பாட்டு கேட்டது. வளைவில் ஒரு லாரி நின்றது. இரண்டு பேர் ரம்பத்துக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா இது?"

"சாலை வேலை அக்கா" என்றார் கூட நின்ற மேஸ்திரி. "இன்னைக்குத் தேதிதான் குடுத்தாங்க."

"இன்னைக்கா? இன்னைக்கு எங்க நேர்ச்சை நாள்! இன்னைக்கு எவனாவது கோடாரி தூக்கினா ஆலங்கட்டி கொட்டிடும்!"

"எங்க ஊர் நேர்ச்சை நாள் வேற அக்கா. எங்களுக்குக் கொட்டாது. தாள்ல உங்க தலைவர் கையெழுத்து இருக்கு பாருங்க."

இருந்தது. எங்கள் திருநாள் ஈஸ்டரோடு சேர்ந்து வருஷா வருஷம் தேதி மாறும். இலையுதிர் காலத்தில் அந்தத் தேதியைக் கொடுத்த ஒப்ராட், கோயில் நாள்காட்டியைப் பார்க்கவே இல்லை.

க்ரூனியா ஒப்ராட்டுக்குப் போன் அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கொடி பிடித்திருக்கிற கை எப்படி போனை எடுக்கும்? ரொட்டியை வாசல் சுவர் மேல் வைத்தார். பால் வண்டியைக் கிளப்பி, சாலைக்குக் குறுக்கே, கதவு மரத்தில் உரசுகிற அளவுக்கு நெருக்கி நிறுத்தினார். சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டார்.

"அக்கா, வண்டியை எடுங்க."

"வரேன்னு சொன்ன பதில் வரட்டும், எடுக்கறேன்."

"என்ன பதில்?"

"இந்த மரத்துக்குக் கல்யாணம் ஆயிடுச்சா இல்லையான்னு."

இரண்டு ஆட்களும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். மேஸ்திரி மெதுவாக, பைத்தியத்திடம் பேசுகிற குரலில், "சரி அக்கா, ஆகட்டும், ஆனா நாங்க மேல் கிளையில இருந்து ஆரம்பிக்கிறோம்" என்றார். ஏணி சாத்தினார்கள். ரம்பம் ஒருமுறை உறுமியது. க்ரூனியா வண்டிக் கூரை மேல் ஏறி நின்றார். நல்ல பாவாடை, நல்ல ரவிக்கை, காலில் பழைய ரப்பர் செருப்பு. மாற்ற மறந்துவிட்டார்.

கூரை மேலிருந்து மேடு முழுக்கத் தெரிந்தது. கொடிகள் கோதுமை வயலோரம் ஊர்ந்துகொண்டிருந்தன. திடீரென்று நின்றன. பாட்டும் நின்றது. யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா? பிறகு முதல் கொடி திரும்பியது. வழக்கம்போல இடப்பக்கம் இல்லை. கீழே. ஓடைப் பக்கம்! அவர் இங்கே வந்த இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட ஊர்வலம் ஓடைக்கரைக்கு இறங்கியதில்லை. இப்போது இறங்கியது. நடந்து இல்லை, ஓடி! கொடிகள் ஆடின. பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். எல்லோருக்கும் முன்னால் ஸாகோர்காவின் குரல் வந்தது.

"தொடாதீங்க! தொடாதீங்கடா பாவிங்களா! அது எங்க வீட்டுப் பொண்ணு!"

அவருக்குப் பக்கத்தில் நெவெனா. திருநாளுக்கு வருகிற சாக்கில் பதிலை நேரில் சொல்ல வந்திருக்கிறார். மேட்டில் வைத்துச் சொல்லியும்விட்டார். அந்த நேரத்தில்தான் ரம்பச் சத்தம் மேடு வரை கேட்டிருக்கிறது.

"நீங்க நெனச்சதுதான் அக்கா!" மூச்சு வாங்கக் கத்தினார். "அம்மா வழி இழை அப்படியே ஒத்துப்போகுது! மத்த அடையாளங்கள்ல கன்னோட பாதி இந்த மரத்துல இருந்து, பாதி ஸாபிஸ்ல இருந்து! ஊர்ல வேற ஒரு மரமும் பொருந்தல!"

க்ரூனியா கூரை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஒப்ராட் கடைசியில் வந்து சேர்ந்தார். முகம் பீட்ரூட் நிறம். ரம்பத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார்.

"யார் இன்னைக்குத் தேதி குடுத்தது?" என்று மேஸ்திரியிடம் கத்தினார்.

"நீங்கதான் ஐயா."

"நாள்காட்டி பாக்கத் தெரியாதவன் எல்லாம் ஊர்த் தலைவன்!" ஸாகோர்கா புருஷனை ஊருக்கு முன்னால் உலுக்கினார். "நேர்ச்சை நாள்ல, ஸாபிஸோட பெண்டாட்டியை வெட்ட ஆள் அனுப்பியிருக்கே! ஆலங்கட்டி நம்ம கூரையில மட்டும் விழட்டும், ஊரைக் கெடுக்காதே!" பிறகு மேஸ்திரி பக்கம் திரும்பி, "அடியில சிலுவை வேற போட்டு வெச்சிருக்கீங்க. சிலுவை போட்ட ஓக்கை எவனாவது வெட்டுவானா?" என்றார். பெருக்கல் குறிதான் என்று மேஸ்திரி சொல்ல வாயெடுத்து, சுற்றி நின்ற முகங்களைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

ஒப்ராட் வண்டியருகே வந்து நின்றார். மேலே நிமிர்ந்து, கடையில் அன்று முடிக்காமல் விட்ட வாக்கியத்தை விழுங்குகிற மாதிரி எச்சில் விழுங்கிவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

"சம்பந்தியம்மா, இறங்கி வாங்க."

பிறகு எழுந்த சிரிப்பில் மரத்திலிருந்த பறவைகள் எல்லாம் பறந்தன. க்ரூனியாவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற அழகா இது? முன்கூட்டியே சொல்லக் கூடாதா? வீட்டுல ஒரு பாட்டில் ஸ்லாட்கோதான் இருக்கு!"

எங்கள் பக்கத்தில் வாசலுக்கு வரும் விருந்தாளிக்கு ஒரு கரண்டி பழப்பாகும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுக்காமல் உட்காரச் சொல்ல மாட்டோம். அந்தப் பழப்பாகுதான் ஸ்லாட்கோ. அன்று ஊரே விருந்தாளி. பலர் அந்த வாசலுக்கு முதல் முறை வருகிற விருந்தாளி. வேலியிலிருந்து ஓடை வரை வரிசை நின்றது. காட்டு ஸ்ட்ராபெரிப் பாகு, கரண்டி நுனியில் ஒரு பழம். பழம் தீர்ந்த பிறகு பாகு மட்டும். பாகும் தீர்ந்த பிறகு வெறும் கரண்டியை நக்கிவிட்டு, "அருமையா இருக்கு சம்பந்தியம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ரம்பக்காரர்களுக்கும் கிடைத்தது. பாதிரியார் சாவா வளைவு மரத்தின் வேரில் மது ஊற்றினார். சிவப்புக் குறியைச் சுரண்ட ஒப்ராட் கத்தியை எடுத்தார்.

"விடுங்க சம்பந்தி" என்றார் க்ரூனியா. "பட்டைக்கு வலிக்கும். மழை கழுவும்."

சாலை இன்றும் அந்த இடத்தில் வளைந்துதான் போகிறது. லாரிக்காரர்கள் திட்டுகிறார்கள். கடைச் சுவரில் ஒப்ராட் ஆசைப்பட்ட சட்டம் மாட்டியிருக்கிறது: தந்தை ஸாபிஸ், தாய் வளைவு மரம். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து படிக்கிறார்கள். தாய் எந்த ஊர் என்று கேட்டால், "ஸ்லாவோனியாப் பொண்ணு. இப்போ நம்ம ஊர்" என்று ஒப்ராட் தானே முந்திக்கொண்டு சொல்கிறார். ஓடைக்கரைக்காரர்களை "வந்தவங்க" என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் ஸாகோர்கா, "சம்பந்தி வீட்டைப் பத்திப் பேசுறே" என்று அடக்கிவிடுகிறார். போன இலையுதிர் காலத்தில் சோய்கா வந்தது. க்ரூனியா செருப்பில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, "கொண்டு போடி, கொண்டு போ. அந்த மேட்டுக்கே போ" என்றார்.

நான் இதை எழுதியதற்கு ஒரே காரணம்தான். எங்கேயாவது ஒரு சாலை வளைவில், அடியில் சிவப்புச் சாயம் பூசிய மரம் ஒன்று உங்கள் கண்ணில் படலாம். அது யாருக்குப் பெண்டாட்டி, யாருக்குத் தாய் என்று உங்களுக்கும் தெரிந்திருக்காது. வெட்ட வந்தவரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, க்ரூனியாவின் கதையைச் சொல்லுங்கள். அவரையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.